பேதுருவுக்கு மறுநாள் அறுத்த புல்

எங்கள் மலைக்கிராமமான கோர்லெனியில் பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கு நல்லது செய்யக் கிளம்பிவிட்டால், அந்த ஒருவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். இது எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில், ஜூன் முப்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது புரிந்தது.

கையில் கோழி சூப் நிறைந்த தூக்குவாளி. நகரத்து ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் கிளிகோர் பத்து நாளாகப் படுத்துக் கிடந்தார். மாட்டுக்கொட்டகைக் கூரை ஒழுகுகிறது, நானே சரிபண்ணுகிறேன் என்று ஏறினார். ஏறியதைவிட வேகமாக இறங்கினார். தோள் எலும்பு ஒன்று, கணுக்கால் ஒன்று, சட்டைப்பையில் இருந்த போன் ஒன்று, மூன்றும் உடைந்தன. எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். போனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நிறுத்தத்தைத் தாண்டி நாலைந்து பெண்கள் மலைப்பாதையில் ஏறிப் போனார்கள். கையில் துணி மூடிய கூடைகள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டிய சர்மாலேயின் வாசனை என் மூக்குவரை வந்தது. ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சொல்லக்கூடாததைச் சொல்ல வந்தவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்றுத்தானே பேதுரு திருநாள், இன்றைக்கு யார் வீட்டில் விருந்து என்று யோசித்தேன். அப்போது மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. அரிவாளில் தீட்டுக்கல் உரசும் சத்தம். ஒன்றிரண்டு அல்ல, ஒரு டஜன் அரிவாளாவது இருக்கும். எங்கள் மேட்டுப் புல்வெளியிலிருந்து வந்தது.

தூக்குவாளியை நிறுத்தத்து பெஞ்சிலேயே வைத்துவிட்டு ஓடினேன்.

ஏன் ஓடினேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த மேட்டில் எங்களுக்கு மூன்று ஹெக்டேர் புல் இருக்கிறது. அந்தப் புல்லுக்கு அரசாங்கம் வருடாவருடம் மானியம் தருகிறது. சும்மா தருவதில்லை. உரம் போடக்கூடாது, மெஷின் விடக்கூடாது, கையால்தான் அறுக்க வேண்டும், ஜூலை ஒன்றாம் தேதிக்கு முன்னால் அரிவாள் படவே கூடாது. அதுவரை பூவெல்லாம் விதை போட வேண்டுமாம், தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரித்துப் பறக்க வேண்டுமாம். எனக்கு அதில் வருத்தமில்லை, பறவைக்கும் குடும்பம் உண்டு. ஐந்து வருட ஒப்பந்தம், இது ஐந்தாவது வருடம். விதியை மீறி மாட்டிக்கொண்டால் இந்த வருடப் பணம் மட்டுமல்ல, முந்தைய நாலு வருடம் வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

கட்டுவதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது? நான்தான் இருக்கிறேன். இந்த மானியம் வருவதற்கு முன்னால், இத்தாலியில் பெர்காமோவில் நாலு வருடம் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்துச் சம்பாதித்தவள் நான். கிழவி நல்லவள், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அவள் மகள் இன்னும் மாதம் தவறாமல் எழுதுகிறாள்: "என் சித்தி இருக்கிறாள், நீ எப்போது வருகிறாய்?" மானியம் வரும்வரை நான் இங்கே, அது நின்றால் அங்கே. இதை நானும் கிளிகோரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குப் போக விருப்பமில்லை. இன்னொருத்தி வீட்டுச் சன்னலில் நின்று இன்னொருவர் மலையைப் பார்த்தது எனக்குப் போதும்.

அதுமட்டுமல்ல. நேற்றுத் திருநாள் பூசை முடிந்து சர்ச் வாசலில் ஒத்தீலியாவைப் பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பஞ்சாயத்து ஆபீசில் எங்கள் மானிய மனுக்களைப் பார்ப்பவள் அவள்தான். கெட்டிக்காரி, என் பாதி வயதுதான். மாவட்டத்து ஆய்வாளர்கள் பக்கத்து ஊர்வரை வந்துவிட்டதாகச் சொன்னாள். போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் வருவார்களாம்.

"அக்கா, ஏதாவது தப்பு இருந்தா அவங்க போன் வர்றதுக்கு முன்னாடி நீங்களே வந்து சொல்லிரணும்," என்றாள். "அப்போ அந்தத் துண்டுக்கு மட்டும்தான் பணம் போகும். தண்டமும் கிடையாது. அவங்க 'வர்றோம்'னு சொன்னப்புறம் சொன்னீங்கன்னா செல்லாது. மொத்தமும் போயிரும்."

"எங்க புல்லுல என்ன தப்பு இருக்கப் போவுது," என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் மலையேறினேன்.

நாற்பது நிமிட ஏற்றம். நான் எவ்வளவு நேரத்தில் ஏறினேன் என்று தெரியாது, ஏறி முடித்தபோது எனக்கு மூச்சு இருந்ததா என்றும் தெரியாது. மேட்டின் விளிம்பில் நின்று பார்த்தேன். பதினாலு ஆம்பிளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்வரிசையில், நீளப்பிடி அரிவாளை இடுப்போடு வீசி வீசிப் புல்லைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தன் பிடில் வாசித்துக்கொண்டிருந்தான். காட்டுப் பேரிமரத்தடியில் பெண்கள் சர்மாலேயையும் ரொட்டியையும் பிளம் சாராயத்தையும் பரப்பியிருந்தார்கள். வேலிப் பக்கத்திலிருந்து பேரிமரம் வரை தரை மொட்டையாகக் கிடந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும், என்ன அழகாக அறுத்திருக்கிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன்.

இது எங்கள் ஊர் கிளாக்கா. ஒரு வீட்டில் ஆம்பிளை படுத்துவிட்டால் ஊரே கூலியில்லாமல் வந்து வேலையை முடித்துக் கொடுக்கும். கேட்கத் தேவையில்லை, கேட்டால் அதற்கு மரியாதையில்லை.

"நிறுத்துங்க," என்று கத்தினேன். பிடில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய் வரிசையின் முதலில் வந்த நஸ்தாசே அண்ணனின் அரிவாளுக்கு முன்னால் நின்றுகொண்டேன். புத்தியுள்ளவர்கள் செய்யும் காரியமல்ல அது.

நஸ்தாசே எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கிளிகோரின் பெரியப்பா மகன். அறுபது வயது, இரண்டு ஆள் பலம், அரை ஆள் பொறுமை.

"தள்ளு தங்கச்சி, காலு போயிரும்," என்றார்.

"போகட்டும். யாரு அறுக்கச் சொன்னது?"

"உன் புருசன்தான். செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து எவன் போனையோ வாங்கிப் பேசினான். 'அண்ணே, பேதுரு கழிஞ்சதும் என் புல்லைக் கொஞ்சம் பாத்துக்க, பலாகியாகிட்டச் சொல்லாதே, அவ வேணாம்பா'ன்னான். பேதுரு கழிஞ்சிருச்சு. பாத்துக்கிட்டோம்."

"பேதுரு கழிஞ்சுன்னா ஜூலை ஒண்ணுண்ணே."

"பேதுரு இருவத்தொம்போது. கழிஞ்சா முப்பது. நான் படிச்சது நாலாங்கிளாஸ்தான், ஆனா இருவத்தொம்போதுக்கு அடுத்தது முப்பதுன்னு அங்கேயே சொல்லிக் குடுத்துட்டாங்க."

அவர் சொல்வதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் நாலு வருடமாக "பேதுரு கழிந்து" என்றுதான் சொல்கிறோம். திருநாளன்று யாரும் வேலை செய்ய மாட்டார்கள். மறுநாள் திருநாள் சாராயம் ஊரை எழுந்து நிற்க விடாது. அதனால் பேதுரு கழிந்து முதல் அரிவாள் விழுவது எப்போதுமே ஜூலை ஒன்றாம் தேதிதான். இந்த ஊர் பிறந்ததிலிருந்து முப்பதாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு யாரும் எழுந்ததில்லை. எனக்காக, தலைவலியோடு, இந்த ஒரு வருடம் எழுந்துவிட்டார்கள்.

"ஏன் மூஞ்சி இப்படி ஆயிருச்சு?" நஸ்தாசேவுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. "சட்டப்படிதானே அறுத்தோம். ஒரு மெஷின்கூட கொண்டாரல பாரு. எல்லாவன் வீட்டுலயும் மோட்டார் மெஷின் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு, பரண்ல பத்து வருசமாக் கிடந்த அரிவாளை எடுத்துத் தட்டி, தீட்டி... இந்தா கையைப் பாரு."

கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது. பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு கையை நீட்டினார்கள். கஷ்டமான விதியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிவிட்டு, சுலபமான விதியைப் போட்டு உடைத்திருந்தார்கள். அவர்களை நான் எப்படித் திட்டுவது? திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பிடில் நின்றது.

"தேதி இருக்குன்னு யாருக்குத் தெரியும்," என்றார் ஒருவர். "புல்லுக்கு என்ன ஞானஸ்நானமா பண்றோம், தேதி பாக்க?"

நஸ்தாசேவின் பெண்டாட்டி தொதோசியா முன்னால் வந்தாள். "இதுக்குப் போயி இப்படி அழுவுறே? நாளைக்கு அறுத்தோம்னு சொல்லிரு. ஒரு நாள் வித்தியாசம் எவனுக்குத் தெரியும்?"

"மேலேயிருந்து ஒரு கண்ணு பாத்துக்கிட்டே இருக்கு அண்ணி."

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நஸ்தாசே தொப்பியைக் கழற்றினார். "கடவுளச் சொல்றியா?"

"இல்லண்ணே. ஆபீஸ். சாட்டிலைட் வச்சிருக்காங்க. அஞ்சு நாளைக்கொரு தடவை படம் எடுக்குது."

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இன்னைக்கு மேகமாத்தானே இருக்கு."

"ஆய்வாளருக்கு மேகம் ஏது? நேர்ல வந்து நின்னா, வாடின புல்லு எத்தினி நாள் வாட்டம்னு தெரியாதா? உங்களுக்குத் தெரியாதா?"

ஒருவர் குனிந்து ஒரு கைப்பிடி புல்லை எடுத்துக் கசக்கிப் பார்த்தார். புல்லைப் பார்த்து நாள் சொல்லத் தெரியாதவன் எங்கள் ஊரில் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் பாவாடைப் பையில் போன் அடித்தது. எங்கள் கரையில் மேட்டில் மட்டும்தான் சரியாகச் சிக்னல் கிடைக்கும். எடுத்துப் பார்த்தேன். தெரியாத எண். ஆனால் முதல் நாலு இலக்கம் நகரத்து லேண்ட்லைன். மாவட்ட ஆபீஸ் அங்கேதான் இருக்கிறது.

"யாரு?" என்றாள் தொதோசியா.

"அவங்கதான்."

"அய்யோ, எடுக்காதே."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பதினாலு ஆம்பிளைகளும் ஏழு பெண்களும் அதைச் சுற்றி நின்று, பாம்பு புகுந்த வீட்டுக்காரர்களைப் போலப் பார்த்தோம். ஒத்தீலியா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. அவர்கள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். எடுத்தால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். எடுக்காதவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. போன் நின்றது.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்றேன்.

"வெள்ளி."

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடும். அப்புறம் திங்கட்கிழமைதான். போனில் சொன்னால் செல்லாது, நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மணி பத்து. ஆற்றுப் பாலத்தை மார்ச் மாதமே பிரித்துப் போட்டுவிட்டார்கள். கார் என்றால் இருபத்தெட்டு கிலோமீட்டர் சுற்று, நடுவில் ரோடு வேலை வேறு. குதிரை வண்டி என்றால் மலை இறங்கி நேராக ஆற்றில் விட்டு அக்கரை ஏறிவிடலாம். அரிவாளும் சாராயமும் ஏற்றி வந்த நஸ்தாசேவின் வண்டி பேரிமரத்தடியில் நின்றது.

"அண்ணே, வண்டியைப் பூட்டுங்க."

நஸ்தாசேவிடம் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். குதிரையை இரண்டு நிமிடத்தில் பூட்டிவிட்டார். "எங்க வரைக்கும் அறுத்தோம்னு ஆபீஸ்ல கேப்பாங்க. வரிசையில முன்னாடி நின்னவனுங்க ஏறுங்கடா," என்றார். ஆறு பேர் ஏறினார்கள். கையில் இருந்த அரிவாளோடேயே ஏறினார்கள், யாருக்கும் அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. தொதோசியா ஒரு புல்வாரியைத் தூக்கிக்கொண்டு, நிற்கும் புல்லின் எல்லையில் காவல் நின்றாள்.

"நீ போயிட்டு வா பலாகியா. இதுக்கு மேல எவனாவது ஒரு புல்லத் தொட்டான்னா அவன் கையை அறுத்துருவேன். அதுக்குத் தேதி கிடையாதுல்ல?"

மலை இறங்கினோம். முர்கா என்ற அந்தப் பெண்குதிரைக்கு வயது பதினேழு, பிரசங்கத்துக்குப் போகிற மாதிரிதான் நடக்கும். அன்றைக்கு அதற்கும் என்ன தோன்றியதோ, வால் தூக்கி ஓடியது. வண்டிக்குள் நாங்கள் கொட்டைகள் குலுங்குவது போலக் குலுங்கினோம். நான் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையை அமுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வளைவில் மறுபடி அடித்தது. அதே எண். மூன்றாவது வளைவில் மறுபடி.

"என்ன அவசரம் அவனுக்கு," என்றார் நஸ்தாசே. "மானியம் குடுக்க ஒன்பது மாசம் இழுக்குறான், புடுங்க வர்றதுக்கு மட்டும் மூச்சு விடாம அடிக்கிறான்."

"எங்கிட்ட குடுக்கா," என்றான் பின்னால் இருந்த ஒருவன். "அந்தம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிர்றேன்."

"செத்தவளுக்கு மானியம் வராதுடா மடையா," என்றேன்.

எனக்குப் பயம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது. பெர்காமோவில் நாலு வருடம் எனக்கு எதுவுமே நடக்கவில்லை. சூப், மாத்திரை, சன்னல். இங்கே, மேலும் கீழும் எறியும் வண்டியில், அரிவாள் பிடித்த ஆறு பேருக்கு நடுவில், நான் இருபது வயதுக்காரியைப் போல உயிரோடு இருந்தேன். சிரிப்புக்கூட வந்தது.

பள்ளத்தில் சிக்னல் போய்விட்டது. எல்லோரும் பெருமூச்சு விட்டோம். ஆற்றங்கரைக்கு வந்தபோது பதினொன்று ஐந்து. மேலே எங்கேயோ மழை பெய்திருக்கிறது, தண்ணீர் காபி நிறத்தில் வந்தது. முர்கா கரையில் நின்று கால்களை ஊன்றிக்கொண்டது. நஸ்தாசே கெஞ்சினார், திட்டினார், அதன் தாயைப் பற்றிப் பேசினார். அது நகரவில்லை. கடைசியில் இரண்டு பேர் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார்கள். நடு ஆற்றில் ஒரு சக்கரம் கல்லில் ஏறி, வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. என் மடியில் தண்ணீர். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அங்கே பார்த்து அதற்கு உயிர் வந்தது.

ஆற்றின் நடுவில், தலைக்கு மேலே, நான்காவது தடவையாக அடித்தது. குதிரை அந்தச் சத்தத்தில் மிரண்டு ஒரே பாய்ச்சலாக அக்கரை ஏறிவிட்டது.

"ஆபீசராலயும் நல்லது நடக்குது," என்றார் நஸ்தாசே.

ஆபீஸ் வாசலில் வண்டி நின்றபோது பதினொன்று முப்பத்தெட்டு. ஒத்தீலியா கைப்பையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சாவி பூட்டில் இருந்தது. திரும்பிப் பார்த்தவள், நனைந்த பாவாடையோடு என்னையும், எனக்குப் பின்னால் அரிவாள்களோடு ஆறு ஆம்பிளைகளையும் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பன்னெண்டு ஆகல ஒத்தீலியா," என்றேன்.

"அக்கா, முதல்ல அரிவாளையெல்லாம் வெளியே வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா போலீசக் கூப்பிடுவேன்."

வைத்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "போன் வந்துச்சா?"

"அடிச்சுது. நான் எடுக்கல. நாலு தடவை."

"எடுக்கலேன்னா வரல," என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அது விழித்துக்கொள்ள ஆறு நிமிடம் எடுத்தது. சுவர்க் கடிகாரத்தை மட்டும் எல்லோரும் முறைத்தோம்.

திரையில் எங்கள் மேடு மேலேயிருந்து தெரிந்தது. மூன்று ஹெக்டேர் ஒரு கைக்குட்டை அளவு. பேரிமரம் ஒரு புள்ளி.

"எதுவரைக்கும் அறுத்தீங்க? கோடு போடணும். சரியாச் சொல்லுங்க," என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் உதவிக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். அறுப்புக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எவ்வளவு அறுத்தாய் என்று கேட்டால் அவனால் குறைத்துச் சொல்லவே முடியாது.

"நான் பாறை வரைக்கும் போயிட்டேன்," என்றான் ஒருவன்.

"நீயா? பாறையை நீ கண்ணாலகூடப் பாக்கல. நான்தான் பாறையத் தாண்டி ஊத்து வரைக்கும் வந்தேன்."

"ஊத்தா? உன் அரிவாளுக்கு ஊத்து வரைக்கும் நடக்கவே தெரியாது. என் வரிசை மட்டும் கால் ஹெக்டேர் இருக்கும்."

ஒத்தீலியாவின் கை அந்தக் கோட்டைப் பாறை வரை இழுத்தது, ஊற்று வரை இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் என் பணம் போய்க்கொண்டிருந்தது. கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தாறு.

"வாயை மூடுங்கடா எல்லாரும்," என்று கத்தினேன். "உங்க பெருமையில என் புல்லைத் தின்னாதீங்க. அண்ணே, நீங்க சொல்லுங்க. உள்ளதைச் சொல்லுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

நஸ்தாசே என் காதருகில் குனிந்தார். "கொஞ்சம் குறைச்சுச் சொல்லட்டுமா?"

சொல்லட்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. பேரிமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விரல் அளவு கோட்டைத் தள்ளினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நாளை ஒருவர் வந்து நின்று பார்க்கப் போகிறார். அதைவிட, நாலு வருடம் ஒரு புல் பிசகாமல் காத்த இடம் அது. "வேணாம். உள்ளதுதான்," என்றேன்.

அவர் திரையில் தன் தடித்த விரலை வைத்தார். அறுபது வயது மனிதர், தான் அறுத்ததைவிட அதிகம் சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. "இந்த வேலி. இங்கேர்ந்து மரம். மரத்துலேர்ந்து நேரா கீழே. பாறையத் தொடல. எவனும் தொடல," என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

"இந்தத் துண்டை மனுவிலேர்ந்து எடுக்கறீங்க. எடுத்தா திரும்பச் சேக்க முடியாது. சரிதானேக்கா?"

"எடு."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒத்தீலியா பொத்தானை அழுத்தினாள். சின்னச் சக்கரம் ஒன்று திரையில் சுற்றியது, சுற்றியது. நான் அந்தச் சக்கரத்துக்காகப் பேதுருவையே வேண்டிக்கொண்டேன், அவர் நாளால்தானே இவ்வளவும் வந்தது. பிறகு பிரிண்டர் இருமியது. ஒரு தாள் வந்தது. பதிவு எண்ணும், தேதியும், நேரமும் இருந்தன. பதினொன்று ஐம்பத்திரண்டு.

நஸ்தாசே அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரிந்தவரை படித்து, தலைகீழாகவும் பார்த்தார். "அப்போ மீதி?"

"மீதி பத்திரம்," என்றாள் ஒத்தீலியா. "நாளைக்குக் காலையில அறுத்துக்கோங்க. நாளைக்கு. சனிக்கிழமை. ஜூலை ஒண்ணு. எழுதித் தரட்டுமா?"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் என் தோளில் தட்டினார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தட்டிய வலியா என்று தெரியவில்லை. மூன்றில் ஒன்று போனால் இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு பன்றியை விற்க வேண்டியிருக்கும், கூரை அடுத்த வருடம்தான். ஆனால் இத்தாலி இல்லை.

"கூரையை நாங்க போட்டுத் தர்றோம் தங்கச்சி," என்றார் நஸ்தாசே, மனதைப் படித்தவர் போல. "ஊர்கூடி ஒரே நாள்ல."

"நல்லது பண்றதா இருந்தா இனிமே எங்கிட்டத் தேதி கேட்டுட்டுப் பண்ணுங்கண்ணே."

போன் அடித்தது. மேசை மேல் ஈரத்தோடு கிடந்தது. அதே எண், ஐந்தாவது தடவை. இந்தத் தடவை நான் பயப்படவில்லை. தாளை முன்னால் வைத்துக்கொண்டு, தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டு, மரியாதையான குரலில் எடுத்தேன்.

"வணக்கம், பலாகியா பேசறேன். சொல்லுங்க சார்."

"என்னடி சாரு?" கிளிகோரின் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "காலையிலேர்ந்து நர்சம்மா மேசை போனைக் கெஞ்சிக் கெஞ்சி வாங்கி அடிக்கிறேன், எடுக்கமாட்டேங்கிறே. இங்கே பக்கத்துக் கட்டில்காரன் நாளைக்குத்தான் ஒண்ணாந் தேதிங்கிறான். நஸ்தாசே அண்ணன்கிட்டப் பேதுரு கழிஞ்சுன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். ஓடு, ஓடிப்போயி இன்னைக்கு அறுக்கவேணாம்னு சொல்லு."

நான் நஸ்தாசேவைப் பார்த்தேன். அவர் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, நிறுத்த முடியவில்லை.

"அறுத்தாச்சுய்யா," என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. வார்டில் யாரோ இருமினார்கள்.

"எவ்வளவு போச்சு?" என்றார்.

"மூணுல ஒண்ணு."

என் புருசனை எனக்குத் தெரியும். பெர்காமோ போன அந்த நாலு வருடமும், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் என்னை வேன் ஏற்றிவிட வருவார். "கம்பளிக் காலுறை எடுத்துக்கிட்டியா?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வேன் திரும்பும்போது பார்த்தால் அவர் ஏற்கெனவே வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருப்பார். நான் போவது அவருக்கு ஒரு பொருட்டா, இல்லையா என்று எல்லை தாண்டும்வரை நான் யோசித்துக்கொண்டே போவேன்.

"பலாகியா," என்றார். வார்டில் பன்னிரண்டு கட்டில், இங்கே ஆறு அறுப்புக்காரர்கள். அவருக்கு அது தெரியும். "போகாதடி."

"என்னது?"

"போகாதேங்கிறேன். பன்னி, மாடு எதை வேணாலும் வித்துக்கலாம். நீ போகாதே."

வேன் ஏறிய ஒவ்வொரு தடவையும் நான் காத்திருந்த வார்த்தை, உடைந்த தோளோடு, கடன் வாங்கிய போனில் வந்தது.

"யோவ், அறுத்த புல்லு அங்கே கிடக்கு. நாளைக்குத் திருப்பிப் போடணும், மீதியை அறுக்கணும். நான் எங்கே போறது?" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்வதற்குள் நர்சம்மா போனைப் பிடுங்கிவிட்டாள்.

நஸ்தாசே சன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். ஒத்தீலியா ஒரு காகிதத்தை எடுத்து, அதில் எதுவும் எழுதாமல் மறுபடி வைத்தாள். போன் மறுபடி அடித்தது. அதே நகரத்து நாலு இலக்கம். நர்சம்மாவை மறுபடி மயக்கிவிட்டார் என்று நினைத்தேன். மணி பன்னிரண்டு நாலு.

"போகலைய்யா," என்றேன். "போகலை, போகலை, எத்தனை தடவை சொல்றது?"

"அம்மா," என்றது ஒரு தெரியாத ஆம்பிளைக் குரல், மிகவும் மரியாதையாக. "மாவட்ட மானிய ஆய்வுப் பிரிவுலேர்ந்து பேசறேன். திங்கட்கிழமை உங்க மேட்டுப் புல்வெளியைப் பார்க்க வர்றோம். நீங்க ஊர்ல இருப்பீங்களா?"

நான் தாளில் இருந்த பதினொன்று ஐம்பத்திரண்டைப் பார்த்தேன்.

"இருப்பேன் சார்," என்றேன். "இங்கேயேதான் இருப்பேன்."